ஆவணமற்றோருக்குச் சட்டப் பாதை: மதம் அளவுகோல் ஆகக் கூடாது

2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் கொடியேற்றி உரையாற்றிய பிரதமர், மக்கள்தொகை குறித்து உயர் அதிகார இயக்கம் ஒன்று தொடங்கப்படும் என்று அறிவித்தார். ஊடுருவல்காரர்கள் நாட்டின் மக்கள்தொகைச் சேர்க்கையை மாற்றுகிறார்கள், இளைஞர்களின் பிழைப்பைப் பறிக்கிறார்கள், பழங்குடி மக்களின் நிலங்களைக் கைப்பற்றுகிறார்கள் என்பது அவர் முன்வைத்த குற்றச்சாட்டு. ஆண்டுக்கு இரண்டு கோடி வேலை என்று வாக்களித்து ஆட்சிக்கு வந்தவர், பதினோரு ஆண்டுகள் கழித்து, வேலையின்மைக்குப் பொறுப்பாளியை எல்லைக்கு அப்பால் கண்டுபிடித்திருக்கிறார். அவருடைய உள்துறை அமைச்சர் 2018-லேயே இம்மக்களைக் கரையான்கள் என்று வர்ணித்தவர்.

சொல் முன்னே சென்றால் லத்தி பின்னே செல்லும். 2025 மே மாதத்தில் ஒன்றிய உள்துறை அமைச்சகம், வங்கதேசம் மற்றும் மியான்மரிலிருந்து வந்தவர்கள் எனச் சந்தேகிக்கப்படுவோரின் ஆவணங்களை முப்பது நாட்களுக்குள் சரிபார்க்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. குஜராத், மகாராஷ்டிரா, தில்லி, ஹரியானா, ஒடிசா, ராஜஸ்தான் என்று பல இடங்களிலும் வங்காளி பேசும் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டார்கள். அகமதாபாத்தின் சண்டோலா ஏரிக்கரையில் ஆயிரக்கணக்கான குடிசைகள் புல்டோசர்களால் தரைமட்டமாக்கப்பட்டன. பிடிபட்டவர்களில் ஒரு பகுதியினர் எந்த நீதிமன்றத்தின் முன்பும் நிறுத்தப்படாமல் எல்லைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அந்தப் பக்கம் தள்ளப்பட்டனர். அவ்வாறு தள்ளப்பட்டோரில் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த இந்தியக் குடிமக்களும் இருந்தார்கள் என்பது விரைவிலேயே வெளிவந்தது. குழந்தைகள் உள்ளிட்ட இரு குடும்பங்களை நான்கு வாரங்களுக்குள் திரும்பக் கொண்டுவருமாறு கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் ஆணையிட்டது. ஒன்றிய அரசு அதை நிறைவேற்றவில்லை. உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. டிசம்பரில்தான் அவர்களில் சிலரேனும் நாடு திரும்ப முடிந்தது, அதுவும் மனிதாபிமான அடிப்படையில் அனுமதிப்பதாக அரசு சொன்ன பிறகு.

இந்த வேட்டையில் அடையாளச் சான்றாகக் கொள்ளப்பட்டது மொழி. தில்லிக் காவல்துறையின் ஒரு கடிதம் "வங்கதேச மொழி"யை மொழிபெயர்த்துத் தர ஆள் கேட்டு, மேற்கு வங்க மாநில அரசின் விருந்தினர் மாளிகைக்கே அனுப்பப்பட்டது. இரு நாடுகளின் தேசிய கீதங்களையும் எழுதியவர் ஒரே கவிஞர் என்பதும், அவர் எழுதிய மொழி இந்திய அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ளது என்பதும் அந்தக் கடிதத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை போலும். யாழ்ப்பாணத்திலும் பேசப்படுவதால் தமிழை அயல்நாட்டு மொழி என்று எவரேனும் எழுதினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அபத்தமும் ஆபத்தும் விளங்கும்.

இடதுசாரி இயக்கம் இந்த அத்துமீறல்களை உறுதியாக எதிர்த்து வருகிறது. பிடிபட்டவர்கள் இந்தியர்கள், வங்காளி பேசுவது குற்றமல்ல, விசாரணையின்றி வெளியேற்றுவது சட்டவிரோதம் என்று கட்சித் தோழர்கள் எங்கும் எடுத்துரைக்கிறார்கள். இவை முற்றிலும் சரியானவை. ஆனால் இவற்றோடு நின்றுவிடும்போது ஒரு கேள்வி விடையின்றி எஞ்சுகிறது. பிடிபட்டவர்களில் உண்மையாகவே எல்லையைக் கடந்து வந்தவர் ஒருவர் இருந்தால் என்ன செய்வது? இருபது ஆண்டுகளுக்கு முன் குல்னாவிலிருந்தோ சத்கீராவிலிருந்தோ வந்து, கொல்கத்தாவிலும் பிறகு பெங்களூருவிலும் குப்பை பொறுக்கி, இங்கேயே மணந்து, இங்கேயே பிள்ளை பெற்றவரை என்ன செய்வது? "இவர் இந்தியர், விட்டுவிடுங்கள்" என்ற வாதம் அவருக்கு உதவாது. அவரைப் பற்றிப் பேசத் தயங்கினால், இந்தியர் அல்லாதவரை எப்படியும் நடத்தலாம் என்ற ஆட்சியாளர்களின் வாதத்தை மறைமுகமாக ஏற்றுக்கொண்டதாகிவிடும். அந்தக் கேள்விக்கு நேராக முகம் கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் எண்ணிக்கை. 2004 ஜூலையில் அன்றைய உள்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்தில் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வங்கதேசத்தவர் சட்டவிரோதமாக இருப்பதாகக் கூறினார். சில நாட்களிலேயே அந்த விவரம் நம்பத்தக்கதல்ல என்று பின்வாங்கினார். 2016 நவம்பரில் மோடி அரசாங்கத்தின் இணையமைச்சர் அதை இரண்டு கோடி ஆக்கினார். 2023 டிசம்பரில் இதே அரசாங்கம், ரகசியமாக நுழைவோரின் எண்ணிக்கையைத் துல்லியமாகத் திரட்டுவது இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. மேடைக்கு ஒரு கணக்கு, நீதிமன்றத்திற்கு ஒரு கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ வேறு சித்திரத்தைத் தருகிறது. வங்கதேசத்திலிருந்து வந்ததாகப் பதிவானவர்கள் 2001-இல் சுமார் 31 லட்சம், 2011-இல் சுமார் 23 லட்சம். பிந்தைய கணக்கில் உள்ளவர்களில் பெரும்பாலோர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டவர்கள். ஆவணமற்றவர் கணக்கெடுப்பாளரிடம் உண்மையைச் சொல்ல அஞ்சுவார் என்பது உண்மையே. ஆயினும், பெருகிவரும் வெள்ளம் என்ற பிரச்சாரத்திற்கு அரசின் கையில் ஆதாரம் ஏதுமில்லை என்பதை இது காட்டுகிறது.

அசாமில் அந்தக் கணக்கைக் கண்டுபிடிக்க ஒரு மாபெரும் முயற்சி செய்யப்பட்டது. மூன்று கோடியே 30 லட்சம் பேர் 1971-க்கு முந்தைய ஆவணங்களைத் தேடி அலைந்தார்கள். ஆயிரத்து 200 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19 லட்சத்து 6 ஆயிரத்து 657 பேர் விடுபட்டார்கள். அவர்களில் கணிசமானோர் இந்துக்கள் என்று தெரிந்ததும் அந்தப் பட்டியலை பாஜகவே நிராகரித்தது. இன்றுவரை அது முறைப்படி அறிவிக்கப்படவில்லை. விடுபட்டோருக்கு மறுப்பு ஆணையும் தரப்படவில்லை. ஆதலால் மேல்முறையீடும் இல்லை. பிரம்மபுத்திரா கரையைத் தின்னும்போது நிலத்தோடு பட்டாவும் போய்விடுகிறது. பள்ளிக்கூடம் போகாத, குழந்தைப் பருவத்திலேயே மணமுடிக்கப்பட்ட பெண்ணுக்குத் தந்தையோடு தன்னை இணைக்கும் காகிதம் எங்கிருந்து கிடைக்கும்? குடியுரிமையை மெய்ப்பிக்கும் சுமை அரசின் மீதல்ல, குற்றம் சாட்டப்பட்டவர் மீதே சுமத்தப்பட்டிருக்கிறது. வெளிநாட்டவர் தீர்ப்பாயங்கள் 1985 முதல் 2019 பிப்ரவரி வரை 63 ஆயிரத்து 959 பேரை அவர்கள் முன்னிலையில் இல்லாமலேயே வெளிநாட்டவர் என்று அறிவித்துவிட்டன. முப்பது ஆண்டுகள் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவரும் அந்தத் தீர்ப்பாயங்களின் பிடிக்குத் தப்பவில்லை.

குடிமகனையும் குடியேறியையும் காகிதத்தை வைத்துப் பிரிக்க முடியாத நாட்டில், காகிதமற்ற எல்லோரையும் வெளியேற்றுவது என்பது நடவாத காரியம். ஒன்றிய அரசின் அதே பிரமாணப் பத்திரத்தின்படி 2017 முதல் 2022 வரை நாடுகடத்தப்பட்ட வெளிநாட்டவர் மொத்தம் 14 ஆயிரத்து 346 பேர்தான். இரண்டு கோடி என்ற அவர்களது கணக்கையே எடுத்துக்கொண்டாலும் இந்த வேகத்தில் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஆகும் என்பதைப் பள்ளி மாணவரும் கணக்கிட்டுவிடலாம். வெளியேற்றுவது அரசின் உண்மையான நோக்கமாக இருக்க முடியாது. இம்மக்கள் அச்சத்திலேயே வாழ வேண்டும் என்பதும், அந்த அச்சத்தின் நிழலில் எல்லா முஸ்லிம் தொழிலாளரும் சந்தேகத்துக்குரியவராக நிற்க வேண்டும் என்பதுமே நோக்கம்.

ஆவணமற்றவர்களுக்குச் சட்டப்படியான தகுதி அளிப்பது அன்னிய நாட்டுச் சரக்கு என்றோ, இடதுசாரிகளின் கற்பனை என்றோ சொல்பவர்கள் இந்தியாவின் சொந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1985 ஆகஸ்ட் 15 அன்று கையெழுத்தான அசாம் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து குடியுரிமைச் சட்டத்தில் 6ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1966 ஜனவரி 1-க்கு முன் கிழக்கு வங்கத்திலிருந்து அசாமுக்கு வந்து தங்கியவர்கள் குடிமக்களாகவே கருதப்பட்டனர். அதன்பின், 1971 மார்ச் 25-க்கு முன் வந்தவர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பத்தாண்டு காலம் வாக்குரிமை மட்டும் கிடையாது. கடவுச்சீட்டு உட்பட மற்ற உரிமைகள் அனைத்தும் உண்டு. பத்தாண்டு முடிந்ததும் முழுக் குடியுரிமை. அந்தப் பிரிவில் மதம் என்ற சொல்லே இல்லை. ஒரு காலவரம்பு, ஒரு பதிவு, ஒரு காத்திருப்பு, பிறகு குடியுரிமை. உலகின் பல நாடுகளில் சட்டத் தகுதிக்கான பாதை என்று விவாதிக்கப்படுவதெல்லாம் இதுதான். இப்பிரிவின் கீழ் 17 ஆயிரத்து 861 பேர் பதிவு செய்துகொண்டு குடியுரிமை பெற்றார்கள் என்று அரசே நீதிமன்றத்தில் தெரிவித்துள்ளது. 2024 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அண்மைக்கால எடுத்துக்காட்டும் உண்டு. கூச்பிகார் மாவட்டத்தில், இந்திய நிலத்தால் சூழப்பட்ட 51 வங்கதேச நிலத்திட்டுகள் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் சட்டப்படி வங்கதேசத்தவர். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டினால் கடவுச்சீட்டு இல்லாத ஊடுருவல்காரர். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அருகிலுள்ள இந்தியக் கிராமத்தில் எவரையேனும் தந்தை என்று எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். 2015-இல் அரசமைப்புச் சட்டத்தின் நூறாவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜூலை 31 நள்ளிரவில் நிலங்கள் கைமாறின. 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அதைச் செய்தது மோடி அரசாங்கம். இடதுசாரிகள் ஆதரித்தார்கள். நாட்டின் மக்கள்தொகைச் சேர்க்கைக்கு அதனால் எந்தக் கேடும் வந்துவிடவில்லை.

இந்தப் பாதை அடைக்கப்பட்டது 2003-இல். 1955-ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தில், இந்த மண்ணில் பிறந்த குழந்தை இந்தியக் குழந்தை. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும் என்றானது. 2003 டிசம்பரில் வாஜ்பாய் அரசாங்கம், அத்வானி உள்துறை அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தமே "சட்டவிரோதக் குடியேறி" என்ற வகையைச் சட்டத்திற்குள் நுழைத்தது. உரிய ஆவணமின்றி நுழைந்தவரும், ஆவணத்தோடு நுழைந்து காலம் கடந்து தங்கியவரும் இதில் அடக்கம். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அவர் பதிவின் மூலமோ இயல்புரிமை மூலமோ குடியுரிமை கோர முடியாது. அவரோடு முடியவில்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்த குழந்தையின் தாய் இந்தியக் குடிமகளாகவே இருந்தாலும், தந்தை இந்த வகையைச் சேர்ந்தவர் என்றால், குழந்தை இந்தியக் குடிமகன் அல்ல. எல்லை எங்கே இருக்கிறது என்றே தெரியாத சிசுவுக்கு எல்லை கடந்த குற்றம் பிறவியிலேயே ஒட்டிக்கொள்கிறது. பிறவியோடு வரும் இழிவு என்ற கருத்தாக்கம் இந்த நாட்டிற்குப் புதிதல்லவே.

தமிழ்நாட்டுத் தோழர்கள் இதை வங்காளத்தின் பிரச்சினை என்று எண்ணிவிடக் கூடாது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் கரையேறியவர்கள் கடவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டு வரவில்லை. படகில் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 2003 திருத்தம் அவர்கள் அனைவரையும் ஒரே வரியில் சட்டவிரோதக் குடியேறிகளாக்கியது. தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும், முகாமுக்கு வெளியே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் வாழ்கிறார்கள். முகாமில் பிறந்து, முகாமில் படித்து, பொறியியல் பட்டம் பெற்று, பெயிண்ட் அடிக்கப் போகும் இரண்டாம் தலைமுறையைத் தமிழ்நாடு அறியும். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் சட்டப்படியே இந்தியக் குடிமக்கள். அதை நிலைநாட்டவும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று 2021-இல் மாநில அரசு மாற்றியது வரவேற்கத்தக்கதே. குடியுரிமை தருவது மாநிலத்தின் கையில் இல்லை. 2025 மே மாதத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்ற அமர்வு, உலகெங்கிலுமிருந்து வருவோரைத் தங்க வைக்க இந்தியா தர்மசாலை அல்ல என்று கூறியது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லாத நாட்டில் அப்படிச் சொல்ல வழியிருக்கிறது.

அவர்களில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர்கள். 1948-இல் இலங்கையின் முதல் அரசாங்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றோராக்கியது. அவர்களது வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. இலங்கையின் இடதுசாரிக் கட்சிகள் அச்சட்டத்தை எதிர்த்து நின்றன. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் அம்மக்களைக் கேட்காமலேயே இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பங்கிட்டுக்கொண்டார்கள். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 2003 அக்டோபரில் இலங்கை நாடாளுமன்றம் ஒருமனதாக ஒரு சட்டம் இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் குடியுரிமை. பழைய ஆவணங்களைத் தோண்டச் சொல்லவில்லை. தோட்டத் தொழிற்சங்கங்களும் தன்னார்வலர்களும் முகாம் அமைத்து விண்ணப்பங்களை நிரப்பினார்கள். பத்தே நாட்களில் ஒரு லட்சத்து 90 ஆயிரம் பேர் அளவில் குடிமக்கள் ஆனார்கள். போரால் சிதைந்திருந்த, சிங்களப் பேரினவாதம் கோலோச்சிய ஒரு சிறு நாடு கதவைத் திறந்த அந்த அக்டோபருக்கும், உலகின் மிகப் பெரிய ஜனநாயகம் கதவை அடைத்த டிசம்பருக்கும் இடையே இரண்டே மாதங்கள்.

2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். ஆவணமின்றி வந்தவர்களை ஏற்றுக்கொண்டு அவர்களுக்குச் சட்டத் தகுதி அளிப்பது அவசியம், சாத்தியம், நாட்டுக்கு ஆபத்தில்லாதது என்பதை பாஜகவே அதில் ஒப்புக்கொண்டுவிட்டது. 2014 டிசம்பர் 31-க்குள் வந்திருந்தால் போதும். பதினோரு ஆண்டு காத்திருப்பு ஐந்தாகக் குறையும். ஆனால் வந்தவர் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். முஸ்லிமாக இருக்கக் கூடாது. ஒரே ஆற்றை, ஒரே இரவில், ஒரே படகில் கடந்த இருவரில் ஒருவர் அகதி, மற்றவர் ஊடுருவல்காரர். இலங்கையிலிருந்து வந்த இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும்கூட அதில் இடமில்லை. அந்தச் சட்டத்திற்கு ஆதரவாக மாநிலங்களவையில் அதிமுக வாக்களித்தது என்பதை முகாம்களில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகிய முதல் மாநில அரசு கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு.

2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் இதே பாகுபாட்டை இன்னொரு படி எடுத்துச் செல்கிறது. கடவுச்சீட்டின்றி நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே வெளியான விலக்களிப்பு ஆணை, அதே மூன்று நாடுகளின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கான தேதியை 2024 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களையும் தண்டனையிலிருந்து விலக்கியது. சிறை இல்லை என்பது ஆறுதல்தான். குடியுரிமைக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

சட்டப் பாதைக்கு எதிரான எல்லா வாதங்களும் வகுப்புவெறியிலிருந்து எழுபவை அல்ல. அசாமிய மக்களின் அச்சத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. தங்கள் மொழியும் நிலமும் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடும் என்ற கவலையிலிருந்து பிறந்ததே ஆறாண்டு கால அசாம் இயக்கம். அதே கவலை திரிந்தபோது 1983 பிப்ரவரியில் நெல்லியில் இரண்டாயிரம் அளவில் மக்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். 1971 மார்ச் என்ற தேதி அந்த ரத்தத்திற்குப் பின் கிடைத்த சமரசம். அதைக் குலைத்தது குடியுரிமைத் திருத்தச் சட்டம்தான். அசாமில் அதற்கெதிராக இந்துக்களும் திரண்டெழுந்தது அதனால்தான். அசாம் ஒப்பந்தத்தின் தேதியை அசாமில் தொடக் கூடாது. அதற்குப் பின் வந்தவர்களின் பொறுப்பை ஒரு மாநிலத்தின் தலையில் சுமத்தாமல் நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். திரிபுராவின் பழங்குடி மக்கள் தங்கள் மண்ணிலேயே சிறுபான்மையாகிப்போன வரலாறும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. குடியேறியவருக்கு உரிமை தருவதும் பழங்குடி நிலத்திற்கு அரண் அமைப்பதும் ஒரே சட்டத்தின் இரு பகுதிகளாக அமைய வேண்டும்.

அடுத்தது கூலி. ஆவணமற்றவர் குறைந்த கூலிக்கு வருவதால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி சரிகிறது என்று கட்டுமான இடங்களிலும் பனியன் பட்டறைகளிலும் தோழர்களே சொல்வதுண்டு. இந்தக் குறை பொய்யல்ல; இதற்குக் காரணம் யார் என்பதுதான் கேள்வி. திருப்பூரில் வங்கதேசத்தவர் என்று கூறிக் கைதுகள் நடந்தபோது செய்தித்தாள்களில் வந்தவை தொழிலாளர்களின் படங்கள். அவர்களை வேலைக்கு வைத்து லாபம் பார்த்தவர்களின் படம் எதுவும் வந்ததில்லை. வாரக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு "போலீசுக்குச் சொல்லவா?" என்று கேட்கும் ஒப்பந்தக்காரனுக்குச் சட்டவிரோதம் என்ற முத்திரையே மூலதனம். விபத்தில் கை போனாலும் இழப்பீடு கேட்க மாட்டார். சங்கத்தில் சேர மாட்டார். ஒரே இரவில் விரட்டிவிடலாம். அவருக்குச் சட்டத் தகுதி கிடைக்கும் நாளில்தான் அவரைக் காட்டி மற்றவரின் கூலியைக் குறைக்கும் வசதி முதலாளிக்குப் போகும். மலிவான உழைப்பு வேண்டும், அந்த உழைப்பாளி வேண்டாம் என்பது மூலதனத்தின் பழைய ஆசை. ஊடுருவல்காரர் என்ற கூச்சல் அந்த ஆசைக்கு மிகவும் வசதியானது.

ஒருமுறை மன்னித்தால் மேலும் வருவார்கள் என்ற வாதத்திலும் உண்மையின் ஒரு கூறு உண்டு. அமெரிக்காவில் 1986-இல், இடதுசாரிச் சாயல் சிறிதுமற்ற ரீகனின் ஆட்சியில், ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டத் தகுதி அளிக்கப்பட்டது. ஆனால் ஆவணமற்றோரைச் சுரண்டும் முதலாளிகள் மீதான நடவடிக்கை பெயரளவில் நின்றது. சட்டப்படி வந்துபோக வழியும் திறக்கப்படவில்லை. சில ஆண்டுகளில் ஆவணமற்றோர் எண்ணிக்கை மீண்டும் பெருகியது. ஒருமுறை மன்னிப்பு மட்டும் போதாது என்பதே இதன் படிப்பினை. எல்லை தாண்டி வேலைக்கு வருவோருக்குப் பருவகால அனுமதிச் சீட்டு வேண்டும். அதை முதலாளியின் பெயரோடு கட்டக் கூடாது. வளைகுடாவில் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்ட விசாவின் கொடுமையைத் தமிழ்த் தொழிலாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, ஒளிந்து வேலை செய்து, "பொதுமன்னிப்பு" அறிவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2024-இல் நான்கு மாதங்களுக்கு அந்த வாய்ப்பை அளித்தபோது இந்தியத் தூதரகமே உதவி மையம் திறந்தது. அமெரிக்காவில் ஆவணமின்றி வாழும் இந்தியர்கள் பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டில் ஏழு லட்சம் அளவில் இருப்பார்கள். 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்கள் கையிலும் காலிலும் விலங்கிடப்பட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரசில் இறக்கப்பட்டபோது நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. அதே நியாயம் சண்டோலா ஏரிக்கரைக்கும் உண்டு.

பாதுகாப்பு என்ற வாதத்திற்கு அதிக இடம் தேவையில்லை. பெயரும் முகவரியும் பதிவான மனிதரைவிட, போலி ஆதாருக்குத் தரகனிடம் பணம் கட்டி ஒளிந்து வாழும் மனிதர் நாட்டின் பாதுகாப்புக்கு உகந்தவர் என்று எந்தக் காவல்துறை அதிகாரியும் வாதிட முடியாது.

இந்தப் பாதைக்கான சட்டச் சொற்களைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 6ஏ பிரிவின் அமைப்பே கையில் இருக்கிறது: ஒரு காலவரம்பு, பதிவு, வாக்குரிமையற்ற இடைக்காலம், பிறகு குடியுரிமை. அசாமுக்கு வெளியே அந்த வரம்பை 2014 டிசம்பர் 31 என்று வைப்பதில் பாஜகவுக்கு ஆட்சேபம் இருக்க முடியாது. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்களே. அதிலிருந்து மதத்தையும் மூன்று நாடுகளின் பட்டியலையும் நீக்கினால் யாழ்ப்பாணத்தவரும் குல்னாக்காரரும் ரோகிங்கியாவும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இடைக்காலத்தில் அவர்களுக்கு வேலை செய்யவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், தொழிற்சங்கத்தில் சேரவும் உரிமை வேண்டும். இங்கே பிறந்த குழந்தைக்குக் காத்திருப்பே கூடாது. கடுங்குற்றம் புரிந்தவரை விலக்கலாம். அதை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை அரசைச் சேர வேண்டும். கோல்பாராவின் மாட்டியாவில் மூவாயிரம் பேரை அடைக்கக் கட்டப்பட்ட தடுப்பு முகாம் போன்றவை மூடப்பட வேண்டும். விசாரணையின்றி எவரையும் எல்லைக்கு அப்பால் தள்ளுவது, அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு பேசுவது குடிமகனைப் பற்றி மட்டுமல்ல. எந்த மனிதரின் உயிரையும் சுதந்திரத்தையும் பற்றி. அருணாசலப் பிரதேசத்தின் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது.

நாடாளுமன்றத்தில் இன்றுள்ள வலுநிலையில் இத்தகைய சட்டம் நாளையே வந்துவிடாது என்பது கட்சி அறிந்ததே. அதுவரை செய்ய வேண்டிய பணி தொழிற்சங்கங்களிடம் இருக்கிறது. புலம்பெயர் தொழிலாளர்கள் சங்கத்தில் சேர வரும்போது உறுப்பினர் படிவம் கேட்பது அவர் எங்கே வேலை செய்கிறார் என்பதை. எங்கே பிறந்தார் என்பதை அல்ல. இந்த நடைமுறை எல்லா மாவட்டங்களிலும் உறுதி செய்யப்பட வேண்டும். வங்காளியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர்கள் தங்கும் பகுதிகளில் இரவில் சோதனை என்ற பெயரில் காவல்துறை நுழையும்போது, உடன் சென்று நிற்க வழக்குரைஞர் ஒருவரும் அவர்கள் மொழி அறிந்த தோழர் ஒருவரும் ஒவ்வொரு தொழில் மையத்திலும் இருக்க வேண்டும். முகாம்களில் உள்ள மலையகத் தமிழர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் வழிகாட்டியது. அத்தகைய விண்ணப்பங்களை எழுதித் தரும் பணியை அருகிலுள்ள கிளைகள் ஏற்கலாம். 2003-இல் மலையகத்தின் தோட்டச் சங்கங்கள் லயன் வீடுகளின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து செய்தது அந்த வேலையைத்தான்.